ஆயிரமாவது படியிலும் ஓட வேண்டும்: நியூரல் நெட்வொர்க் சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊசல், வானிலை, தண்ணீர் ஓட்டம், மூலக்கூறு என்று எதை எடுத்துக்கொண்டாலும் சரி, அதன் நகர்வை நியூரல் நெட்வொர்க் வைத்துக் கணிக்கத் தொடங்கியவர்கள் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பத்துப் படி வரை மாடல் அருமையாக ஓடுகிறது. ஆயிரம் படி ஓடவிட்டால் எண்கள் எங்கேயோ போய்விடுகின்றன. என்னிடம் இது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளி இயற்பியலும், நெட்வொர்க்கைப் பயிற்றுவிப்பது என்றால் என்ன என்ற அறிமுகமும் இருந்தால் போதும்.

சிமுலேஷனில் நெட்வொர்க் செய்யும் வேலை என்ன?

இப்போது அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கொடுத்தால், சற்று நேரம் கழித்து எந்த நிலையில் இருக்கும் என்று சொல்கிறது. அவ்வளவுதான். வந்த விடையை மறுபடி அதற்கே கொடுத்தால் அதற்கடுத்த நிலை கிடைக்கும். இப்படிப் படிப்படியாகப் போகிறோம். வழக்கமான முறையில் இந்த ஒரு படியை நியூட்டன் விதியிலிருந்தோ பாய்மச் சமன்பாட்டிலிருந்தோ கணக்கிடுவார்கள். நெட்வொர்க் அதைத் தரவிலிருந்து கற்றுக்கொள்கிறது.

எதற்கு இந்தச் சிரமம்? வேகத்துக்காக. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய கிராஃப்காஸ்ட் என்ற வானிலை மாடல் பற்றிய கட்டுரை 2023-இல் சயின்ஸ் இதழில் வந்தது. 10 நாளுக்கான உலக வானிலையை அது டிபியூ எனப்படும், நெட்வொர்க்குகளுக்கென்றே செய்த ஒரே ஒரு சிப்பில் ஒரு நிமிடத்துக்குள் கணித்துவிடும். வழக்கமான முறையில் அதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்.

ஒரு படியில் பிழை மிகமிகச் சிறியது. பிறகு ஏன் கெடுகிறது?

முதல் காரணம் எல்லோரும் ஊகிப்பதுதான்: பிழை சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு படி 6 மணி நேரம் என்றால் 10 நாளுக்கு 40 படி, ஓர் ஆண்டுக்கு 1,460 படி, நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,46,000 படி.

இரண்டாவது காரணம்தான் பெரிய தொல்லை. பயிற்சியின்போது நெட்வொர்க் பார்த்தது உண்மையான நிலைகளை மட்டுமே. ஓடத் தொடங்கியதும் அது பார்ப்பதெல்லாம் அதன் சொந்த விடைகள், அதாவது லேசாகப் பிசகிய நிலைகள். பிசகிய இடத்திலிருந்து எப்படித் திரும்பி வருவது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அடுத்த விடை இன்னும் கொஞ்சம் விலகும், அதற்கடுத்தது இன்னும் அதிகமாக விலகும். ஒரு கட்டத்தில் பயிற்சித் தரவில் எங்குமே இல்லாத நிலைக்குப் போய்விடுகிறது. அங்கே அது சொல்வதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

சுவர் கட்டும் கொத்தனாரைக் கவனித்திருப்பீர்கள். கீழே இருக்கும் செங்கல்லை மட்டும் பார்த்து மேல் செங்கல்லை வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் அதன் கீழ்க் கல்லோடு ஒட்டித்தான் இருக்கும், ஆனால் சுவர் சாய்ந்திருக்கும். அதனால்தான் அவர் அவ்வப்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார். நம் நெட்வொர்க்குக்கு அந்தத் தூக்குக்குண்டு எது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி.

இது நியூரல் நெட்வொர்க்குக்கு மட்டும் உள்ள குறையா?

இல்லவே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிதாகிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சுருள்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையும் வில்லின் விறைப்பும் 1 என்று வைப்போம். இடம் x, வேகம் v. ஒவ்வொரு படியிலும் x-உடன் 0.1 மடங்கு v-ஐக் கூட்டுங்கள், v-இலிருந்து 0.1 மடங்கு x-ஐக் கழியுங்கள். இரண்டுக்குமே பழைய மதிப்புகளைப் பயன்படுத்துங்கள். பாடப்புத்தகத்தில் வரும் ஆய்லர் முறை இதுதான். புதிய x-இன் வர்க்கத்தையும் புதிய v-இன் வர்க்கத்தையும் கூட்டிப் பார்த்தால், பழைய கூட்டுத்தொகையைப் போல மிகச் சரியாக 1.01 மடங்கு வரும். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம், இரண்டு வரிதான். அந்தக் கூட்டுத்தொகையின் பாதிதான் ஆற்றல். ஆக, ஒவ்வொரு படியிலும் ஆற்றல் 1 சதவீதம் ஏறுகிறது. 1 சதவீதம் தானே என்று விட்டால், 1,000 படியில் ஏறத்தாழ 21,000 மடங்காகிவிடும். 10 சென்டிமீட்டர் இழுத்துவிட்ட வில், 16 முறை ஆடுவதற்குள் 14 மீட்டருக்கு மேல் ஆடும்!

இப்போது ஒரே ஒரு மாற்றம். முதலில் v-ஐப் புதுப்பியுங்கள். பிறகு x-ஐப் புதுப்பிக்கும்போது அந்தப் புதிய v-ஐயே பயன்படுத்துங்கள். வேலை அதே அளவு, படியும் அதே 0.1. ஆனால் ஆற்றல் தொடக்க மதிப்பிலிருந்து மேலும் கீழும் 5 சதவீதம் போல ஊசலாடுமே தவிர, எத்தனை லட்சம் படி போனாலும் ஏறாது. இந்த வகை முறைகளுக்கு சிம்பிளெக்டிக் முறைகள் என்று பெயர். நான் இதை முதன்முதலில் எழுதி ஓட்டியபோது, இரண்டு வரிகளின் வரிசையை மாற்றியதற்கா இவ்வளவு பலன் என்று நம்ப முடியாமல் நிரலை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். ஒரு படியின் துல்லியத்தில் இரண்டு முறைகளும் ஒரே தரம்தான். வேறுபாடு அமைப்பில் இருக்கிறது.

வானிலைக் கணிப்பும் இதே அடியைப் பட்டது. 1956-இல் வானிலை அறிஞர் நார்மன் பிலிப்ஸ், பிரின்ஸ்டனில் இருந்த ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில், வளிமண்டலத்தின் பொதுச் சுழற்சியை முதன்முதலாக உருவாக்கிக் காட்டினார். வெறும் இரண்டு அடுக்கு வளிமண்டலம். அதில் சூறாவளி போன்ற சுழல்களும் மேல்வானக் காற்றோட்டமும் தாமாகவே உருவாயின. ஆனால் ஏறத்தாழ ஒரு மாதம் ஓடியதும் எல்லாம் இரைச்சலாகிச் சிதைந்துபோனது. படியைச் சிறிதாக்கினால் தீரும் சிக்கல் அல்ல இது என்பதை 1959-இல் அவரே விளக்கினார். கணக்கிடும் புள்ளிகளின் கட்டத்தில், இடைவெளியின் இரு மடங்கைவிடச் சிறிய அலைகளைக் காட்ட முடியாது, அதனால் அவை நீண்ட அலைகள் போல வேடம் போட்டுக்கொண்டு தவறான இடத்தில் ஆற்றலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. 1966-இல் அகியோ அரகாவா இதற்கு வழி காட்டினார். ஆற்றலும், சுழற்சியின் வர்க்கச் சராசரியும் கணக்கீட்டில் மாறவே முடியாதபடி சமன்பாட்டைக் கட்டத்தில் எழுதினார். சிமுலேஷன் நிலையானது.

பிழையைக் குறைத்துக் குறைத்து அவர் இதைச் சாதிக்கவில்லை. இயற்கை எதைக் காப்பாற்றுகிறதோ அதைக் கணக்கும் காப்பாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். நெட்வொர்க்குக்கும் முதல் வழி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கட்டாயத்தை நெட்வொர்க்குக்குள் எப்படி வைப்பது?

2019-இல் சாம் கிரேடனஸும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஹாமில்டோனியன் நியூரல் நெட்வொர்க் நல்ல எடுத்துக்காட்டு. சாதாரண மாடல் இடத்தையும் உந்தத்தையும் வாங்கிக்கொண்டு அவை எப்படி மாறும் என்பதை நேரடியாகச் சொல்லும். இந்த மாடலோ ஒரே ஓர் எண்ணைத்தான் தருகிறது: ஆற்றல். நகர்வு அந்த எண்ணின் வகைக்கெழுக்களிலிருந்து வருகிறது. உந்தத்தைப் பொறுத்த வகைக்கெழு, இடம் மாறும் வேகம். இடத்தைப் பொறுத்த வகைக்கெழுவுக்கு மைனஸ் போட்டால், உந்தம் மாறும் வேகம். இவை ஹாமில்டன் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாடுகள்தான். இப்படி எழுதிவிட்டால், நெட்வொர்க் கற்றுக்கொண்ட ஆற்றல் எதுவாக இருந்தாலும் அது மாறாமல் இருந்தே ஆக வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க்கை ஹாமில்டன் முறையில் கட்டிவிட்டு, அதைச் சாதாரண ஆய்லர் முறையில் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால், மேலே பார்த்த அந்த 1 சதவீதம் மறுபடி உள்ளே வந்துவிடும். ஓட்டும் முறையும் சிம்பிளெக்டிக்காக இருக்க வேண்டும். 2020-இல் வந்த சிம்ப்நெட்ஸ் இன்னும் நேராகப் போகிறது. நெட்வொர்க்கின் ஒவ்வோர் அடுக்கையுமே சிம்பிளெக்டிக்காக அமைக்கிறார்கள், அதனால் மொத்தமும் அப்படியே அமைந்துவிடுகிறது. உந்தத்தை அளக்க முடியாமல் வேகம் மட்டும் தெரிந்த இடங்களுக்கு லக்ராஞ்சியன் நெட்வொர்க் வசதி.

உராய்வு இருந்தால்? நிஜ உலகில் ஆற்றல் குறையத்தானே செய்கிறது?

ஆமாம். அங்கே ஆற்றல் மாறாது என்று கட்டாயப்படுத்தினால் தவறாகிவிடும். இழப்புக்குத் தனி உறுப்பு ஒன்றைச் சேர்த்து, அது ஆற்றலைக் கூட்டவே முடியாதபடி எழுத வேண்டும். கொந்தளிப்பான ஓட்டங்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. தரவு இருக்கும் பகுதியைச் சுற்றி ஒரு வேலி போட்டு, வெளியே போன நிலையை உள்நோக்கித் தள்ளும்படி நெட்வொர்க்கைப் பழக்கலாம். மார்க்கோவ் நியூரல் ஆபரேட்டர் என்ற மாடலில் செய்தது இதுதான்.

பயிற்சி முறையை மாற்றி நிலைத்தன்மை பெற முடியாதா?

முடியும், கணிசமான அளவுக்கு. அதிலும் மலிவான வழி, உள்ளீட்டில் வேண்டுமென்றே இரைச்சல், அதாவது தற்செயலான சிறு மாற்றங்கள், சேர்ப்பது. 2020-இல் டீப்மைண்ட் தண்ணீர், மணல், களி போன்ற பொருள்களைத் துகள்களாக வைத்து சிமுலேட் செய்த வேலையில், ஒரே ஒரு படிக்குத்தான் மாடலைப் பயிற்றுவித்தார்கள். ஆனால் உள்ளீட்டுத் துகள்களை லேசாகக் கலைத்துவிட்டு, அங்கிருந்தும் சரியான இடத்துக்கு வரும்படி பழக்கினார்கள். பிசகிலிருந்து திரும்பி வரத் தெரிந்த மாடல் ஆயிரக்கணக்கான படிகள் தாக்குப்பிடித்தது.

அடுத்த வழி, பயிற்சியிலேயே பல படிகள் ஓட்டி, முழுப் பாதையின் பிழைக்கும் அபராதம் போடுவது. கிராஃப்காஸ்டை 12 படி வரை, அதாவது 3 நாள் வரை, இப்படிப் பழக்கினார்கள். இதற்கு நினைவகம் நிறையச் செலவாகும், ஏனென்றால் எல்லாப் படிகளின் வழியாகவும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 2022-இல் பிரண்ட்ஸ்டெட்டர், வொரல், வெல்லிங் மூவரும் ஒரு சிக்கனமான உத்தியைச் சொன்னார்கள்: முன்னால் உள்ள படிகளை ஓட்டிவிடு, ஆனால் கடைசிப் படி வழியாக மட்டும் பின்னோக்கிப் போ. மாடல் தன் சொந்தப் பிழையின் மேல் பயிற்சி பெறுகிறது, நினைவகமும் மிச்சம்.

பல படிப் பயிற்சிக்கு இன்னொரு விலையும் உண்டு. மூன்று நாளுக்குப் பிறகு புயல் இங்கேயா அங்கேயா என்று உறுதியில்லாதபோது, வர்க்கப் பிழையைக் குறைக்க விரும்பும் மாடல் இரண்டுக்கும் நடுவில் மங்கலான ஒன்றை வரைந்துவிடும். எண்ணளவில் பிழை குறையும், ஆனால் படம் மங்கும். அந்த மாதிரி புயல் எந்த நாளிலும் வானத்தில் இருந்ததில்லை.

நுண்ணிய அலைகள்தான் பிரச்சினை என்கிறார்களே, அது என்ன?

நெட்வொர்க்குகள் பெரிய, மெதுவான மாற்றங்களை முதலில் கற்றுக்கொள்கின்றன, நுண்ணிய மாற்றங்களைக் கடைசியாக. வர்க்கப் பிழையில் நுண்ணலைகளின் பங்கு மிகக் குறைவு என்பதால் அவற்றைப் புறக்கணித்தாலும் பயிற்சிப் பிழை நன்றாகத்தான் தெரியும். ஆனால் பாய்மத்தில் சிறியதும் பெரியதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பவை. சிறியதில் விட்ட பிழை படிப்படியாக மேலேறிப் பெரியதைக் கெடுக்கிறது. 2023-இல் வந்த பிடிஇ-ரிஃபைனர் என்ற முறை இதைக் குறிவைத்தது. ஒரு படியைக் கணித்தபின், இரைச்சல் சேர்த்து நீக்கும் சுற்றுகளைச் சிலமுறை நடத்தி, வீச்சு குறைந்த அந்த அலைகளையும் திருத்துகிறது. பிலிப்ஸ் 1959-இல் பிடித்த அதே திருடன், வேறு சட்டையில் வந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேயாஸ் (தொடக்கத்தின் மிகச் சிறு வேறுபாடும் பெரிதாக வளரும் தன்மை) உள்ள அமைப்பில் எப்படியும் கணிப்பு தவறிவிடும். பிறகு நீண்டகாலம் ஓட்டி என்ன பயன்?

நல்ல கேள்வி. 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலை மாடலை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதற்குப் பதில் அச்சில் இருந்த 0.506 என்பதைக் கொடுத்தார். சிறிது காலத்தில் இரண்டு ஓட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. ஆக, அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி மழை வருமா என்று எந்த மாடலும் சொல்லாது.

ஆனால் லோரன்ஸின் இரண்டாவது ஓட்டமும் நம்பத்தகுந்த வானிலையாகத்தான் இருந்தது. பாதை மாறினாலும் குணம் மாறவில்லை. நீண்டகால சிமுலேஷனில் நாம் கேட்பது அந்தக் குணத்தைத்தான்: டிசம்பரில் சராசரியாக எவ்வளவு மழை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பெருமழை, பருவக்காற்று தொடங்கும் தேதி எவ்வளவு முன்பின் போகிறது. இதற்கு மாடல் சரியான பாதையில் போக வேண்டியதில்லை, நடக்கக்கூடிய பாதைகளில் மட்டும் போனால் போதும்.

அப்படியானால், மாடல் வெடிக்காமல் ஓடினால் நிலையானது என்று சொல்லிவிடலாமா?

கூடாது. இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். எண்கள் முடிவிலிக்குப் போகாமல் இருப்பது மிகக் குறைந்தபட்சம். வளிமண்டலம் முழுக்க அசையாமல் ஒரே வெப்பநிலையில் நின்றுபோனால்கூட அது வெடிக்காத சிமுலேஷன்தான். வேறொரு வகையும் உண்டு: 2023-இல் செல்ஸ், கிரெய்க் இருவரும் பாங்கு-வெதர் என்ற வானிலை நெட்வொர்க்கின் தொடக்க நிலையில் மிகச் சிறிய மாற்றம் செய்து பார்த்தபோது, இயற்பியல் மாடலில் வேகமாக வளரும் வேறுபாடு அதில் அப்படி வளரவில்லை. ஓட்டம் அமைதியாக இருந்தது. ஆனால் வளிமண்டலத்தின் உண்மையான இயல்பு அங்கே இல்லை.

நான் பார்க்கச் சொல்வது இவை: மொத்த ஆற்றலும் நிறையும் காலப்போக்கில் ஒரு பக்கமாக நகர்கின்றனவா, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் என்ற நிறமாலை 10-ஆவது படியிலும் 10,000-ஆவது படியிலும் ஒன்றாக இருக்கிறதா, சராசரி மட்டுமல்லாமல் ஏற்ற இறக்கத்தின் அளவும் பொருந்துகிறதா. நிறமாலை வரைபடத்தின் வலது ஓரம் மேலே வளையத் தொடங்கினால் விரைவில் வெடிக்கும். கீழே தொங்கினால் மங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

இன்று எந்த மாடல் எவ்வளவு காலம் ஓடுகிறது?

என்விடியா குழுவின் கோள வடிவ ஃபூரியே ஆபரேட்டர் என்ற வானிலை மாடல் 2023-இல் ஓராண்டு, 1,460 படிகள், நிலையாக ஓடிக் காட்டியது. பூமி உருண்டை என்பதை அது கணக்கில் எடுத்துக்கொண்டதற்கு அதில் பங்குண்டு. தட்டையான படமாக எடுத்துக்கொண்டால் துருவங்களில் பிழை குவியும். அதன் மேல் கட்டிய ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஏஸ் என்ற வளிமண்டல மாடல் நூறு ஆண்டு ஓடியது. அதன் அடுத்த பதிப்பில், ஒவ்வொரு படியின் முடிவிலும் உலக வறண்ட காற்றின் நிறையும் ஈரப்பதக் கணக்கும் துல்லியமாகப் பொருந்தும்படி திருத்துகிறார்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு இதுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏஸின் ஓட்டங்களில் கடல்மேற்பரப்பு வெப்பநிலையை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். அது ஒரு நங்கூரம். கடலையும் சேர்த்துத் தானாக ஓடவிடுவது இன்னும் கடினம்.

பாதி இயற்பியல், பாதி நெட்வொர்க் என்று கலக்கலாமா?

கலக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். 2024-இல் நேச்சரில் வந்த கூகுளின் நியூரல்ஜிசிஎம், காற்றின் பெரிய அளவு இயக்கத்தை வழக்கமான சமன்பாடுகளால் கணக்கிட்டு, மேகம் போன்ற நுண்செயல்களை மட்டும் நெட்வொர்க்கிடம் விடுகிறது. இரண்டையும் சேர்த்தே பயிற்றுவிக்கிறார்கள். அப்படியும் 40 ஆண்டு ஓட்டத்தில், 37 தொடக்க நிலைகளில் 22 மட்டுமே கடைசிவரை நிலையாக இருந்தன. அந்த எண்ணை அவர்கள் வெளிப்படையாக எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. இந்திய வேளாண் அமைச்சகம் 2025 காரிஃப் பருவத்தில் ஏறத்தாழ 3.8 கோடி விவசாயிகளுக்கு அனுப்பிய பருவமழைத் தொடக்கக் கணிப்பில், நியூரல்ஜிசிஎம்மும் ஐரோப்பிய வானிலை மையத்தின் ஏஐஎஃப்எஸ் மாடலும் பங்கேற்றன.

கலப்பில் ஒரு பொறி இருக்கிறது. பிரெனோவிட்ஸ், பிரெதர்டன் இருவரும் மழையைக் கணிக்க ஒரு நெட்வொர்க்கைப் பயிற்றுவித்து வளிமண்டல மாடலில் பொருத்தியபோது அது சீக்கிரமே வெடித்தது. காரணம் தேடியபோது, நெட்வொர்க் வளிமண்டலத்தின் மேல் அடுக்குகளைப் பார்த்துக் கீழே மழை என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. உண்மையில் கீழே நடக்கும் மேகச் செயல்தான் மேலே தடம் விடுகிறது. தரவில் இரண்டும் சேர்ந்தே வருவதால் தலைகீழாகக் கற்றாலும் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். இணைத்து ஓட்டும்போதோ, மேலே சிறு பிழை கீழே மழையாகி, அந்த மழை மேலே பெரிய பிழையாகிச் சுழலும். மேல் அடுக்குகளை உள்ளீட்டிலிருந்து நீக்கினார்கள், நிலையாயிற்று. தகவலைக் குறைத்ததால் மாடல் மேம்பட்ட இந்த நிகழ்ச்சியை மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன்.

மூலக்கூறு சிமுலேஷனிலும் இதே கதையா?

அதே கதைதான், படிகள் இன்னும் அதிகம். ஒரு படி ஏறத்தாழ ஒரு ஃபெம்டோநொடி. ஒரு நானோநொடிக்கே பத்து லட்சம் படி. விசையில் பிழை குறைவாக உள்ள மாடல்கூட சிமுலேஷனில் பிணைப்புகளைப் பிய்த்துவிடுவதை 2022-இல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. இங்கும் விசையை நேரடியாகக் கணிக்காமல், ஆற்றலைக் கணித்து அதன் வகைக்கெழுவாக விசையை எடுப்பது பாதுகாப்பு.

பின் (PINN) எனப்படும் இயற்பியல் சார் நெட்வொர்க் இதைத் தீர்க்குமா?

அது வேறு வேலைக்கானது. குறிப்பிட்ட ஒரு சமன்பாட்டின் விடையையே நெட்வொர்க்காக எழுதி, சமன்பாடு மீறப்படும் அளவைப் பிழையாகச் சேர்க்கிறது. நீண்ட காலத்தை ஒரே வீச்சில் கொடுத்தால் பயிற்சி திணறும். காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தால், சேரும் பிழை என்ற பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். அதோடு, இயற்பியலை அபராதமாகச் சேர்ப்பதும் அமைப்பிலேயே வைப்பதும் ஒன்றல்ல. அபராதம் என்றால் கொஞ்சம் மீறலாம் என்று பொருள். லட்சம் படியில் அந்தக் கொஞ்சம் என்ன ஆகும் என்று வில்லில் பார்த்தோம்.

என் லேப்டாப்பில் எங்கிருந்து தொடங்கலாம்?

ஊசலில். ஜிபியு வேண்டாம். ஊசலின் கோணத்தையும் உந்தத்தையும் நல்ல எண்முறையில் கணக்கிட்டுச் சில ஆயிரம் புள்ளிகள் எடுங்கள். இரண்டு அடுக்கு நெட்வொர்க் ஒன்றை நேரடியாக அடுத்த நிலையைக் கணிக்கப் பயிற்றுவித்து, 10,000 படி ஓட்டி, ஆற்றலை வரைபடமாகப் போடுங்கள். மெல்ல ஏறும் அல்லது இறங்கும். பிறகு அதே நெட்வொர்க்கின் உள்ளீட்டில் இரைச்சல் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் ஹாமில்டன் முறையில் மாற்றி, சிம்பிளெக்டிக் முறையில் ஓட்டுங்கள். மூன்று கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். அச்சை மடக்கை அளவில் வைக்காதீர்கள், சிறு சாய்வு மறைந்துவிடும்.

எத்தனை படி ஓட்டிச் சோதித்தால் போதும்?

உங்களுக்குத் தேவையான காலத்தைப் போலப் பத்து மடங்கு ஓட்டுங்கள் என்பது நான் வைத்திருக்கும் வழக்கம். ஒரு தொடக்க நிலையோடு நிறுத்தாமல் குறைந்தது சில பத்துத் தொடக்க நிலைகளிலிருந்து, வெவ்வேறு சீடுகளில் (பயிற்சியின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்களில்) பயிற்றுவித்த மாடல்களை வைத்து ஓட்டுங்கள். ஒரே தரவு, ஒரே கட்டமைப்பு, சீடு மட்டும் வேறு என்ற இரண்டு மாடல்களில் ஒன்று நூறு ஆண்டு ஓடும், இன்னொன்று மூன்றாம் மாதத்தில் சிதையும். ஓடியதை மட்டும் எடுத்துக் காட்டாமல், சிதைந்தவை எத்தனை, எந்தப் படியில் என்பதையும் எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு அதிகம் உதவுவது அந்தப் பட்டியல்தான்.